தலைதெறிக்கும் வேகம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, யாது எழுதலாம் என்று யாம் சில நாள் எண்ணியிருந்தோம். நமது கல்லூரியின் வரலாற்றை எழுத எம்மினும் மூத்தோர் உளர். அதன் வருங்காலத்தைத் திட்டமிட எம்மினும் வல்லோர் உளர். தமிழாசிரியன் கையிலிருக்கும் பொருள் சொல் ஒன்றே. ஆகலின், நாள்தோறும் நம் நாவில் வழங்கிவரும் ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருளையும் பயனையும் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். 'தலைதெறிக்க' என்பதே அச்சொல்.

இச்சொல்லை யாம் தேடிச் செல்லவில்லை. அது வகுப்பறையில் தானே வந்து எம்முன் நின்றது. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு மரபுத்தொடர்களைக் கற்பித்து, 'தலைதெறிக்க' என்பதை வாக்கியத்தில் அமைத்து வருமாறு பணித்தோம். மறுநாள் வந்த வாக்கியங்களுள் பெரும்பாலானவை ஒரே வகையின. 'எங்கள் ஊர்ப் பஸ் தலைதெறிக்க ஓடி முதலாவதாக வந்து சேர்ந்தது' என்றான் ஒருவன். 'சாரதி அண்ணன் தலைதெறிக்க ஓட்டி மற்றப் பஸ்ஸை முந்தினார். நாங்கள் கைதட்டினோம்' என்றான் மற்றொருவன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தான்: 'குளவி கலைந்ததும் அம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தார்.'

இலக்கணப் பிழை எவ்வாக்கியத்திலும் இல்லை. எல்லார்க்கும் புள்ளி வழங்கினோம். ஆயினும், அச்சொல்லின் உயிரை அறிந்து எழுதியவன் அந்த ஒருவனே. ஏனையோர் அதனைப் பாராட்டுச் சொல்லாக எழுதினர். அவன் அச்சச் சொல்லாக எழுதினான். பிள்ளைகளைக் குறை கூறுதற்கு இதனை எழுதுகின்றோம் அல்லோம். பெரியோர் வழங்குவதைப் பிள்ளைகள் எழுதுகின்றனர். மலைநாட்டு வீதிகளில் நாள்தோறும் செல்லும் நமக்கு, அச்சத்தைக் குறித்த சொல்லொன்று வியப்பைக் குறிக்கத் தொடங்கியிருப்பது சிறிய செய்தியன்று என்பதே எமது கருத்து.

இனிச் சொல்லின் பொருளை நோக்குவோம். தெறித்தல் என்பதற்கு முறிதல், சிதறுதல், துள்ளி விழுதல் எனப் பல பொருள் உண்டு. கொல்லன் உலையில் பொறி தெறிக்கும். கல்லுடைக்கும் இடத்தில் சல்லி தெறிக்கும். இழுத்துக் கட்டிய கயிறு தெறித்து அறும். ஆகவே, தலைதெறிக்க ஓடுதல் என்றால், தலையே உடம்பினின்றும் முறிந்து சிதறுமாறு ஓடுதல் என்பது பொருள். ஆங்கிலத்தில் இதனையொப்பக் கழுத்தை முறிக்கும் வேகம் என்று பொருள்படும் 'பிரேக்நெக்' என்னும் சொல் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதுங்கால் அச்சொல்லில் பிரேக்கு இருக்கின்றது. அவ்வேகத்தில் ஓடும் வண்டியில்தான் இருப்பதில்லை! நம் அயலாராகிய சிங்கள மக்களும், அஞ்சி ஓடுபவனைக் குறித்து 'ஹிஸ லூ லூ அத' ஓடினான் என்பர். தலை நீட்டிய திசையெல்லாம் ஓடினான் என்பது கருத்து. மூன்று மொழியாரும் கூடிப் பேசி இச்சொற்களை ஆக்கிக்கொண்டாரல்லர். எனினும், கட்டுக்கடங்கா வேகத்தைக் கூறவந்தபொழுது மூவர்க்கும் தலையும் கழுத்துமே நினைவுக்கு வந்தன.

தமிழில் இவ்வகையான பிற தொடர்களையும் எண்ணிப் பார்க்க. 'கண்மண் தெரியாமல்' ஓடினான் என்கின்றோம். 'பின்னங்கால் பிடரியில் பட' ஓடினான் என்கின்றோம். தலை, கண், கால், பிடரி என்று இத்தொடர்கள் யாவும் உடம்பின் உறுப்புகளைக் கொண்டே அமைந்துள்ளன. வேகம் என்பது காற்றில் மிதக்கும் எண்ணன்று. ஒருவனுடைய எலும்பிலும் தசையிலும் வந்து முடிவது என்பதை இவற்றை ஆக்கிய மக்கள் அறிந்திருந்தனர். அன்றியும், இத்தொடர்களால் குறிக்கப்படுவோன் எப்பொழுதும் தன் வயம் இழந்தவன். குளவிக்கு அஞ்சி ஓடுபவன், யானையைக் கண்டு ஓடுபவன், கட்டறுத்த கன்று ஆகியோரே தலைதெறிக்க ஓடுவர். பந்தயத்தில் வென்றவனைப் பழைய வழக்கில் எவரும் தலைதெறிக்க ஓடினான் என்று புகழ்ந்திலர்.

விரைவைப் பழிப்பது தமிழர் மரபு என எவரும் கொள்ளற்க. விரைவுக்கு நம் மொழியில் சொல் வளம் மிகுதி. தோட்டத்தில் 'வெரசா வா', 'சுருக்கா வா' என்பர். யாழ்ப்பாணத்தார் 'கெதியா வா' என்பர். தொல்காப்பியர் உரியியலில் கதழ்வு, துனைவு என்னும் சொற்களை எடுத்து, அவை இரண்டும் விரைவைக் குறித்தலைக் காட்டுகின்றார். அவர் கூறும் மற்றொரு சொல்லே ஈண்டு நம் கருத்தை ஈர்ப்பது. அது 'கடி' என்னும் உரிச்சொல். அதற்குப் பத்துப் பொருள் உண்டு என்கின்றார் அவர். அப்பத்தனுள் விரைவும் ஒன்று, அச்சமும் ஒன்று, காப்பும் ஒன்று. பின்னர் வந்த நன்னூலார் அப்பொருள்களைப் பதின்மூன்றாக விரித்தபொழுதும் இம்மூன்றையும் விட்டாரல்லர். விரைவும் அச்சமும் காவலும் ஒரே சொல்லின் கீழ் ஒரு குடும்பமாக இருந்து வந்தன. விரைந்து செல்பவன் அஞ்சவேண்டுவதும், அஞ்சுபவன் காத்துக்கொள்ளவேண்டுவதும் அச்சொல்லை நினைக்குந்தோறும் நமக்குத் தோன்றுகின்றன.

'கதி' என்னும் சொல்லும் அவ்வாறே. நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்களில் திசை கருதாத வேகத்துக்குக் கதி என்று பெயர். யாழ்ப்பாணத்தாரின் 'கெதி'யும் அதுவே. அடைக்கலத்துக்கும் கதி என்றே பெயர். இறைவனைக் கதி என்று வணங்குகின்றோம். ஒருவனுக்கு நேர்ந்த முடிவும் கதியே. கீழ்நோக்கிச் செல்லுதல் என்னும் பொருளுடைய 'அதோகதி' அழிவைக் குறிக்கும். மலைச்சரிவில் வாழும் நமக்கு அச்சொல்லை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

நிற்க. இன்று நம் பத்திரிகைகளும் வானொலியும் வழங்கும் சொல் யாது? 'அதிவேகம்' என்பதே. அதிவேகத்தால் விபத்து நேர்ந்தது என்று ஒரு பக்கத்தில் வாசிக்கின்றோம். அதே நாளிதழின் அடுத்த பக்கத்தில் அதிவேக நெடுஞ்சாலையின் சிறப்பை வாசிக்கின்றோம். 2011 ஆம் ஆண்டு நவம்பரில் தெற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்ட காலந்தொட்டு இப்பெயர் நம் நாவில் ஊன்றிவிட்டது. அங்கு மணிக்கு 100 கிலோமீற்றர் என்னும் எல்லை உண்டு, வாயில் உண்டு, காவல் உண்டு. எல்லை வகுக்கப்பட்ட வேகத்துக்கும், எல்லை கடந்த வேகத்துக்கும் ஒரே பெயரை இட்டுவிட்டோம். வடமொழியில் 'அதி' எனத் தமிழில் எழுதப்படும் முன்னொட்டுகள் இரண்டு உள. ஒன்று மேலானது என்னும் பொருளது. மற்றொன்று அளவு கடந்தது என்னும் பொருளது. சிங்களத்தில் நெடுஞ்சாலையின் பெயரை எழுதுவோர் முன்னதை வேறுபடுத்தி எழுதுகின்றனர். தமிழ் எழுத்திலோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுத்து ஒன்றானது பிழையன்று. மேன்மையும் மிகையும் நம் எண்ணத்தில் ஒன்றானதே பிழை. அன்றியும், அதிவேகம் என்னும் சொல்லில் தலையில்லை, கழுத்தில்லை, கண்ணில்லை, காலில்லை. அஃது உடம்பில்லாத சொல். உடம்பில்லாத சொல் எவரையும் அஞ்சச் செய்வதில்லை.

சொல்லினும் கொடிது வாக்கியம். 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆம் நாள் காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் வண்டி பசறைப் பதின்மூன்றாம் கட்டை அருகே பள்ளத்தில் வீழ்ந்தது. 14 உயிருக்குக் குறையாமல் மாண்டன. 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4 ஆம் நாள் இரவு, தங்காலை நகரசபை ஊழியர் சுற்றுலா வந்து திரும்பிய பஸ் வண்டி எல்ல–வெல்லவாய வீதியில் பெரும் பள்ளத்தில் வீழ்ந்தது. 15 உயிருக்குக் குறையாமல் மாண்டன. இவற்றின் காரணத்தை ஆராய்ந்து கூறுதல் நீதிமன்றத்துக்கும் துறை வல்லுநர்க்கும் உரிய கடமை. தமிழாசிரியன் அதில் தலையிடுதல் தகாது. ஆனால், இத்தகைய துயரம் நேருந்தோறும் நம் செவியில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. அதனை ஆராய்தல் எமது கடமையே. 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வண்டி வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்தது' என்பது அவ்வாக்கியம்.

இவ்வாக்கியத்தில் எழுவாய் யாது என்று எட்டாம் வகுப்பு மாணவனைக் கேட்டாலும் சொல்லுவான். பஸ் வண்டியே எழுவாய். இழந்ததும் அதுவே, விலகியதும் அதுவே, பாய்ந்ததும் அதுவே. தனக்கென ஓர் எண்ணமில்லாத அஃறிணைப் பொருள் மூன்று வினைகளைத் தானே செய்துவிட்டது! உயர்திணை எங்கே போயிற்று? கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தவர் யார்? வண்டியைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார்? பழுது பாராமல் வீதிக்கு அனுப்பியவர் யார்? சரிந்து விழுந்த பாறையை வீதியினின்றும் அகற்ற வேண்டியவர் யார்? பள்ளத்தின் ஓரத்தில் தடுப்பு அமைக்க வேண்டியவர் யார்? இத்தனை பேரும் ஒரு வாக்கியத்தினின்றும் மெல்ல நழுவிச் சென்றுவிட்டனர். இறந்தவர்கள் மட்டுமே அதில் எண்ணாக எஞ்சி நிற்கின்றனர். எழுதியவர் இதனைக் கருதி எழுதினார் என்று யாம் கூறவில்லை. பழக்கமே அவர் கையைப் பிடித்து எழுதுவிக்கின்றது. பழக்கம் எழுதும் வாக்கியத்தை ஆயிரம் பேர் வாசித்தால், பழக்கமே ஆயிரம் பேர் உள்ளத்தில் நீதியாகிவிடுகின்றது.

இந்நாட்டின் பழைய வரலாறு வேறு வகையாகப் பேசுகின்றது. அநுராதபுரத்தில் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் செய்தி யாவரும் அறிந்ததே. அவனுடைய ஒரே மகன் திசவாவிக்குத் தேரூர்ந்து செல்லும் வழியில், தாய்ப்பசுவுடன் கிடந்த கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறியது. அவன் அறிந்து செய்தானல்லன். ஆயினும், பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுத்தபொழுது, தேர் கட்டுப்பாட்டை இழந்தது என்று எவரும் அரசனிடம் விடை கூறவில்லை. ஊர்ந்தவன் யார் என்றே நீதி கேட்டது. அதே சக்கரத்தால் மகனின் தலை துணிக்கப்பட்டது. திருவாரூரில் மனுவேந்தன் செய்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாறும் இதனோடு ஒப்பது. அத்தகைய தண்டம் இக்காலத்துக்கு வேண்டும் என்று கூறுவோம் அல்லோம், அது நாகரிகமுமன்று. ஆனால், அக்கதையின் இலக்கணம் நமக்கு வேண்டும். அதில் எழுவாய் மனிதன், தேர் அன்று. அரசன் மகனாயினும் எழுவாயிலிருந்து அவனை நீக்க முடியவில்லை.

ஈண்டு ஒன்றை நடுநிலையோடு கூறல் வேண்டும். எழுவாயைத் தேடுங்கால், சாரதி ஒருவரையே பிடித்துக்கொண்டு நிறைவடைந்துவிடுதல் எளிது. அது முழு நீதியாகாது. ஒரே வீதியில் ஒரே நேரத்தில் பல வண்டிகள் ஒரே பிரயாணிக்காகப் போட்டியிடுமாறு விட்டுவைத்தவர் உளர். நாளின் வருவாய் ஏற்றிய தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது எனின், முன்னே செல்லும் வண்டியை முந்தாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. தோட்டத்திலும் இதன் சாயலைக் காணலாம். நாட்கூலியைக் கொழுந்தின் நிறையோடு கட்டிவைத்த பின்னர், மழையில் வழுக்கும் மலைச்சரிவில் கூடையைச் சுமந்து மடுவத்துக்கு ஓடும் தாயை நோக்கி, 'மெதுவாகச் செல்க' என்று அறிவுரை கூறுவதில் பயன் யாது? அவள் கால்களின் வேகம் அவளுடையதன்று; தராசின் வேகம். அதுபோல, பஸ் வண்டியின் வேகமும் சாரதியின் காலில் மட்டும் பிறப்பதன்று. நாமும் அதற்கு உடந்தையே. மெதுவாகச் செல்லும் வண்டியில் ஏறியவுடன் 'இது மாட்டு வண்டியா?' என்று நகைப்பவர் யார்? முந்திச் செல்லும்பொழுது கைதட்டுபவர் யார்? எமது மாணவனின் வாக்கியம் பொய்யன்று. நாங்கள் கைதட்டினோம் என்று அவன் உண்மையையே எழுதினான்.

மலையோடு எவ்வாறு பழகுதல் வேண்டும் என்பதை நம் கண்முன்னே ஒரு பெரிய ஆசான் நாள்தோறும் கற்பித்து வருகின்றது. அதுவே நம் புகையிரதப் பாதை. 1894 இல் பண்டாரவளையை அடைந்த அப்பாதை, பதுளையை அடைந்தது 1924 இல். நேராக நோக்கின் அருகிலிருக்கும் ஊர். ஆயினும் இடையில் 30 ஆண்டுகள் சென்றன. பட்டிப்பொலவில் 6,200 அடிக்கு மேலான உயரத்தைத் தொட்ட பாதை, பதுளையில் ஏறத்தாழ 2,100 அடிக்கு இறங்குதல் வேண்டும். நாற்பத்து நான்கடி சென்றால் ஓரடிக்கு மேல் இறங்கலாகாது என்பது மலைநாட்டுப் பாதையை அமைத்தோர் வகுத்துக்கொண்ட அளவு. அவ்வளவை மீறாமல் தெமோதரையில் மலை இறங்குவது எங்ஙனம்? அவர்கள் பாதையை நீட்டினர். நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி, குன்றை ஒரு முறை சுற்றி வந்து, தான் நின்றிருந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கின்றது. உலகெங்குமிருந்து வருவோர் அதனை விந்தை என்று படமெடுக்கின்றனர். அது விந்தையன்று, அடக்கம். மலை இவ்வளவுதான் இடந்தரும் என்று அறிந்து, வழியைக் கூட்டி வேகத்தைக் குறைத்த அறிவு அது. அக்குன்றைக் குடைந்து வழி சமைத்த தொழிலாளரின் உழைப்பு அவ்வறிவுக்கு உடம்பு தந்தது.

வீதியில் செல்வோர்க்கும் அவ்விதியே. கதி இரு மடங்கானால் வண்டியின் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும் என்பதை விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவர். மணிக்கு 30 கிலோமீற்றரில் செல்லும் வண்டியை நிறுத்தப் பிரேக்குக்கு எவ்வளவு வேலையோ, அதனைப் போல நான்கு மடங்கு வேலை 60 கிலோமீற்றரில் செல்லும் வண்டியை நிறுத்துதற்கு வேண்டும். 60 கிலோமீற்றரில் செல்லும் வண்டி, சாரதி ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கிவைக்கும் ஒரு நொடிப்பொழுதிலேயே ஏறத்தாழ 17 மீற்றர் சென்றுவிடும். இறக்கத்திலோ வண்டியின் பாரமே அதனை மேலும் தள்ளும். இடைவிடாது மிதித்த பிரேக்குச் சூடேறிப் பிடி தளரும். ஆகவேதான், எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் தம் மாணாக்கர்க்குக் கற்பித்தனர். அஃது ஏட்டில் எழுதாத மலைநாட்டுச் சூத்திரம். பாடநூல் வேகம் கூடுதலை ஆர்முடுகல் என்றும், குறைதலை அமர்முடுகல் என்றும் கூறுகின்றது. முன்னதை எவரும் கற்பிக்காமலே கற்கின்றோம்; பின்னதையே கற்க வேண்டியிருக்கின்றது.

இவ்விரு கலைச்சொற்களுக்கும் வேராகிய 'முடுகு' என்பது செய்யுளுலகிலும் வழங்கும் சொல் என்பதை விஞ்ஞான மாணவர் பலர் அறியார். தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணம் ஒன்று. அருணகிரிநாதர் பாடல்களில் முடுகு நடை உச்சத்தை அடைந்தது. நம் ஊவா மாகாணத்துக் கதிர்காமத்துப் பெருமான் மீதும் அவர் திருப்புகழ் பாடியுள்ளார். கோயிலில் திருப்புகழ் ஓதுவோரைக் கேட்டவர் அறிவர். நா சுழல்கின்றது, சொற்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன, ஆயினும் தாளம் ஒரு மாத்திரையும் தவறுவதில்லை. அளவுக்குள் நிற்கும் அவ்விரைவு கேட்போரைப் பரவசமாக்குகின்றது. அளவை உடைத்த விரைவு தலையைத் தெறிக்கின்றது. இரண்டும் விரைவே, இரண்டும் ஒன்றல்ல. நம் மாணவர் வேண்டுவது முன்னது. விளையாட்டிலும், கணக்கிலும், எழுத்திலும் அவர்கள் விரைந்து செல்க, தாளத்தோடு செல்க.

வள்ளுவரும் இதனை வலியறிதல் அதிகாரத்தில் குறிப்பால் உணர்த்தினார். மயிற்பீலியாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் வண்டியை அவர் காட்டினார். அதனை அடுத்தே, மரத்தின் நுனிக்கொம்பில் ஏறியவன் அதற்கும் மேலே செல்ல முயன்றால் உயிரிழப்பான் என்றார். ஒன்று வண்டி, மற்றொன்று உயரம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அப்பெருமகனார் பசறை வீதியையும் எல்ல வீதியையும் கண்டாரல்லர். ஆயினும், தன் வலியையும் வண்டியின் வலியையும் வழியின் வலியையும் எண்ணாது செல்வோனின் கதியை அறிந்திருந்தார்.

இனி யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மாணவர்க்கு. 'தலைதெறிக்க' என்னும் சொல்லைக் கைவிடற்க. அதன் பொருளையும் கைவிடற்க. அதனை வழங்குந்தோறும் உங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எவரையேனும் புகழ விரும்பின், விரைந்தான், கடுகினான், முந்தினான் என்னும் நல்ல சொற்கள் உள. அச்சச் சொல்லை அச்சத்துக்கே விட்டுவையுங்கள். பஸ் வண்டியின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு செல்லுதல் வீரமன்று என்பதையும் அச்சொல்லே உங்கட்கு நினைவூட்டும்.

இரண்டாவது, பழைய மாணவர்க்கு. உங்களுள் பத்திரிகையாளர் உளர், வழக்கறிஞர் உளர், அரசாங்க அலுவலர் உளர், வண்டி உரிமையாளரும் சாரதிகளும் உளர். எழுதுவோர் எழுவாயை மறையாது எழுதுக. காரணம் தெளியாதவிடத்து, 'காரணம் இன்னும் தெளியவில்லை' என்று எழுதுதல் நேர்மை. பஸ் வண்டி பாய்ந்தது என்று எழுதுதல் மறைப்பு. அதிகாரத்தில் இருப்போர், தம் பெயர் அவ்வாக்கியத்தின் எழுவாயாக வரக்கூடும் என்று எண்ணிக் கையொப்பமிடுக. வண்டியுடையோர், ஒரு நாள் வருவாயினும் ஒரு பிரேக்கு மலிவு என்பதை மறவாது இருக்க.

மூன்றாவது, எம்மைப்போன்ற ஆசிரியர்க்கு. நாமும் வகுப்பறையில் தலைதெறிக்க ஓடுகின்றோம். பரீட்சைக்கு முன் பாடத்திட்டத்தை முடித்தல் வேண்டும் என்று ஓடி, பின்தங்கிய மாணவனைத் திரும்பி நோக்க நேரமின்றி விட்டுவிடுகின்றோம். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, இருபது பேரோடு போய்ச் சேர்ந்தால், அதனை 'மாணவர் பின்தங்கினர்' என்று எழுதுகின்றோம். அவ்வாக்கியத்தின் எழுவாயும் திருத்தம் வேண்டுவதே. தெமோதரையில் போல, இடையிடையே பாதையை நீட்டிச் சுற்றிவரும் பொறுமை நமக்கும் வேண்டும்.

குளவிக்கு அஞ்சிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அத்தாயின் மகன், அந்த ஒரு வாக்கியத்தால் எமக்கு ஆசிரியனானான். அவள் ஓடியது உயிரைக் காக்க. நம் வீதிகளில் அவ்வோட்டமே உயிரைப் போக்க நிகழ்கின்றது. இந்த வேற்றுமையை ஒரு சொல்லால் நம் முன்னோர் காத்துவைத்தனர். அச்சொல்லை நாம் காப்போமாயின், அது நம்மைக் காக்கும். விழாக் காணும் நம் கல்லூரித் தாய், விரைவும் காவலும் உடையவளாய், தன் மக்கள் எல்லாரையும் குறைவின்றிக் கரை சேர்த்து நீடு வாழ்க என வாழ்த்தி அமைகின்றோம்.